ஜனவரி பில் 268 பவுண்டு, அத்தையின் அறை மட்டும் இன்னும் குளிர்கிறது

கோவைக்காரி (லெஸ்டர்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். லெஸ்டரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மூன்று படுக்கையறை உள்ள பழைய டெரஸ் வீட்டில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று) வாடகைக்குக் குடியிருக்கிறோம். நான், கணவர், நான்கு வயது மகள், அப்புறம் நவம்பரில் கோவையிலிருந்து வந்த என் அத்தை (கணவரின் அம்மா).

ஜனவரி பில் வந்திருக்கிறது. கேஸும் கரண்டும் சேர்த்து 268 பவுண்டு. கேஸ் 1,520 யூனிட், கரண்ட் 560 யூனிட். இரண்டுமே கிலோவாட் மணிக் கணக்கு. ஸ்மார்ட் மீட்டர் என்பதால் உத்தேசமாகப் போட்ட அளவு இல்லை.

பாய்லர் சமையலறைச் சுவரில் இருக்கிறது. கோம்பி வகை, வெந்நீர்த் தொட்டி கிடையாது. இரண்டு திருகுகள் உண்டு, ஒன்றில் குழாய்ப் படம், இன்னொன்றில் ரேடியேட்டர் படம். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து இரண்டும் முழு அளவில்தான் இருக்கின்றன. அழுத்தம் காட்டும் முள் 1க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. ஹாலில் தெர்மோஸ்டாட் 20இல். இரவு பத்து மணிக்குக் கணவர் ஹீட்டிங்கை அணைத்துவிடுவார், காலை ஆறு மணிக்குப் போடுவார்.

அத்தைக்கு மாடியில் பின்பக்க அறை. அங்கே ரேடியேட்டர் கீழே சூடாக இருக்கிறது, மேல்பாதி தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. அதனால் இரவு ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒரு ஃபேன் ஹீட்டர் ஓடுகிறது. 2,000 வாட். கோவையில் மார்கழியில்கூட ஸ்வெட்டர் தேடாதவர், இங்கே இரண்டு கம்பளிக்குள் சுருண்டு படுத்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. காலையில் அந்த ஜன்னலில் தண்ணீர் வழிகிறது, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை வேறு.

பாய்லரை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? நாள் முழுவதும் குறைந்த சூட்டில் அணைக்காமல் ஓடவிட்டால் பில் குறையும் என்று கணவரின் நண்பர் சொல்கிறார். உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

ஈஸ்ட் ஹாம் வாசி எழுதியது:

முதலில் அந்த ஃபேன் ஹீட்டரை அணையுங்கள். மீதியை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்று. இங்கே கேஸ், கரண்ட் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஆஃப்ஜெம் அறிவிக்கும் விலை உச்சவரம்பு என்பது உங்கள் மொத்த பில்லுக்கு வரம்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது யூனிட் விலைக்கும், எரித்தாலும் எரிக்காவிட்டாலும் தினமும் வரும் நிலைக்கட்டணத்துக்கும் மட்டும்தான். அதிகம் எரித்தால் அதிகம் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறவும் செய்யும்.

*

ஹாரோ பொயிலர்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். லண்டனில் இருபது வருசத்துக்கு மேலாக காஸ் வேலை செய்கிறேன், இங்கே காஸ் வேலைக்குச் சட்டப்படி தேவையான கேஸ் சேஃப் பதிவு இருக்கிறது. நீங்கள் யூனிட் கணக்கோடு எழுதியது நல்லதாகப் போச்சு. எல்லாரும் பவுண்ஸை மட்டும் சொல்லிவிட்டுக் கவலைப்படுவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் பில்லைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் ஜனவரி பில்லில் காஸ் ஒரு யூனிட் ஏறக்குறைய 6 பென்ஸ், கரண்ட் ஏறக்குறைய 27 பென்ஸ் வரும். அப்படியென்றால் காஸுக்கு 91 பவுண்ஸ், கரண்டுக்கு 151 பவுண்ஸ், மிச்சம் நிலைக்கட்டணம். நாலு பேர் இருக்கும் பழைய டெரஸ் வீட்டுக்கு ஜனவரியில் 1,520 யூனிட் காஸ் கூட என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சாதாரண வீட்டுக்கு வருசத்துக்கு 11,500 யூனிட் காஸ், 2,700 யூனிட் கரண்ட் என்றுதான் ஆஃப்ஜெம் 2023இல் கணக்குப் போட்டது. நீங்கள் ஒரு மாதத்திலேயே அந்தக் கரண்டில் ஐந்தில் ஒரு பங்கை எரித்திருக்கிறீர்கள். 2,000 வாட் ஹீற்றர் ஐந்து மணித்தியாலம் ஓடினால் ஒரு இரவுக்கு 10 யூனிட், 2 பவுண்ஸ் 70. மாதத்துக்கு 80 பவுண்ஸைத் தாண்டும். பொயிலர் காஸில் கொஞ்சத்தைப் புகையோடு வெளியே விட்டாலும், அது தரும் ஒரு யூனிட் சூடு 7 பென்ஸ் அளவில்தான் வரும். அதே சூட்டுக்கு நீங்கள் நாலு மடங்கு கொடுக்கிறீர்கள்.

எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போகும்போது எனக்கு மிகவும் மனவருத்தமாக இருப்பது இதுதான். பொயிலர் போட்டால் காசு போய்விடும் என்ற பயத்தில் அதை நிற்பாட்டிவிட்டு, ஒரு அறைக்குள் எல்லாரும் கரண்ட் ஹீற்றரைச் சுற்றி இருப்பார்கள். வயதான அம்மாமார், கைக்குழந்தைகள் எல்லாரும். காசும் போய், உடம்பும் போய்.

பொயிலரை மாற்றக் கேட்க வேண்டாம். இங்கிலாந்தில் 2005 ஏப்ரலில் இருந்து பூட்டுகிற காஸ் பொயிலர்கள், மிகச் சில இடங்களைத் தவிர, எல்லாம் கொண்டென்சிங் வகைதான். காஸ் எரியும்போது நீராவி உண்டாகும். அந்த ஆவியைப் பொயிலருக்குள்ளேயே குளிரவைத்துத் தண்ணியாக்கினால் அதில் இருக்கும் சூடும் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் ரேடியேற்றர்களைச் சுற்றித் திரும்பி வருகிற தண்ணி ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். நீங்கள் திருகை முழுதாக வைத்திருப்பதால் தண்ணி 80 டிகிரியில் போய் 60இல் திரும்பி வருகிறது. ஆவி அப்படியே புகைக்குழாயால் போய்விடுகிறது. பொயிலரில் ஒட்டியிருக்கும் 90 வீதத் திறன் என்ற ஸ்ரிக்கருக்கு அப்போது அர்த்தமே இல்லை. பூட்டுகிறவர்கள் வீடு சூடாகவில்லை என்று ஆட்கள் திரும்பக் கூப்பிடக்கூடாது என்று உச்சத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை.

ரேடியேற்றர் படம் இருக்கும் திருகை 60க்கு இறக்குங்கள். எண் இல்லாவிட்டால் பாதிக்குச் சற்று மேலே வைத்துப் பாருங்கள். தேர்மோஸ்ராற்றைத் தொடவேண்டாம், அது 20இலேயே இருக்கட்டும். அறையின் சூடு குறையாது, அங்கே போய்ச் சேரத்தான் நேரம் எடுக்கும். ரேடியேற்றர் தொட்டால் முந்தி மாதிரிச் சுடாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காலையில் ஆறு மணிக்குப் பதிலாக ஐந்துக்கே தொடங்கும்படி நேரத்தை வையுங்கள். வெளியே பனி உறைகிற நாட்களில் வீடு ஏறாவிட்டால் 65க்குக் கூட்டுங்கள். குழாய்ப் படம் இருக்கும் திருகையும் இறக்கலாம். குளிக்கும்போது சுடுதண்ணியோடு பச்சைத்தண்ணி கலக்க வேண்டியிருந்தால் அது தேவைக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு: வீட்டில் சுடுதண்ணித் தாங்கி (தொட்டி) இருந்தால் 60க்கு இறக்காதீர்கள். தாங்கியில் தண்ணி 60 டிகிரியில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி பெருகும். அதற்குப் பொயிலர் 65க்குக் குறையக்கூடாது. தங்கச்சி வீட்டில் தாங்கி இல்லாததால் பிரச்சினை இல்லை.

அத்தையின் அறைக்கு வருகிறேன். மேலே குளிர், கீழே சூடு என்றால் உள்ளே காற்று நிற்கிறது. இதற்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை. ஹீற்றிங்கை நிற்பாட்டி ஆறவிடுங்கள். கடையில் ரேடியேற்றர்ச் சாவி ஒன்று வாங்கி, மேல் மூலையில் இருக்கும் சிறு ஆணியைத் துணியால் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். உஸ் என்று காற்று வரும், தண்ணி எட்டிப்பார்த்ததும் பூட்டிவிடுங்கள். அதன் பிறகு பொயிலரில் அழுத்தம் இன்னும் இறங்கும். அடியில் தண்ணி நிரப்பும் குழாயைத் திறந்து முள் 1.2 அளவுக்கு வந்ததும் இறுக்கி மூடுங்கள். அந்த முள் சில நாட்களில் திரும்ப இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது, அப்போது வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்ருக்குச் சொல்லவேண்டும். பொயிலரின் மூடியை மட்டும் நீங்கள் கழற்றக்கூடாது.

நண்பர் சொன்ன கதை சரியில்லை. வீடு எவ்வளவு சூட்டை இழக்கும் என்பது உள்ளேயும் வெளியேயும் இருக்கும் வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆள் இல்லாத நேரமும் சூடாக வைத்தால் அவ்வளவு நேரமும் இழந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் வயதானவர் இருக்கும் வீட்டில் இரவில் முழுதாக நிற்பாட்டுவதும் பிழை. இரவுக்குத் தேர்மோஸ்ராற்றை 17இல் விடுங்கள். மற்ற அறைகளில் ரேடியேற்றர் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட தலை இருந்தால் 2க்கு இறக்கிவிட்டு, அத்தையின் அறையில் 4இல் வையுங்கள். அந்த அறை 18க்குக் கீழே போகக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் அதுதான். ஐந்து பவுண்ஸுக்கு ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள்.

கட்டிலுக்கு விரிக்கும் மின்சாரப் போர்வையும் நல்லது. 100 வாட் அளவுதான் எடுக்கும்.

*

வெம்பிளி அம்மா எழுதியது:

பிள்ளை, அந்தப் பூஞ்சையை விட்டுவிடாதீர்கள். ஒரு தடவை துவைத்த உடுப்பை அறைக்குள் காயப்போட்டால் இரண்டு லீற்றர் அளவு தண்ணி காற்றில் சேரும். அது குளிர்ந்த சுவரில்தான் போய் ஒட்டும். அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். உடுப்பை ஒரே அறையில் போட்டுக் கதவைச் சாத்தி, ஈரம் இழுக்கும் மெஷின் ஒன்றை வையுங்கள். எங்களுடையது 200 வாட். குசினியில் சோறு வேகும்போது மூடி போட்டு, காற்றாடியையும் போடுங்கள். யன்னலை நாள் முழுக்கக் கொஞ்சமாகத் திறந்து வைப்பதைவிட, காலையில் பத்து நிமிசம் நன்றாகத் திறந்துவிட்டு மூடுவது நல்லது. சுவர் அதற்குள் குளிராது.

*

கோவைக்காரி எழுதியது:

அண்ணா, அம்மா, இருவருக்கும் நன்றி. ஒரு வாரம் போல ஆகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

சாவி வைத்துத் திறந்ததும் காற்று வந்துகொண்டே இருந்தது. இப்போது ரேடியேட்டர் மேலிருந்து கீழ் வரை சூடாகிறது. திருகை 60 அளவுக்கு இறக்கினேன், இரவு 17இல் விடுகிறோம். அத்தை அறையில் விடியற்காலையில் 18.5 காட்டுகிறது. ஃபேன் ஹீட்டர் பரண்மேல் போய்விட்டது. முன்பு ஒரு நாளைக்குக் கரண்ட் 18 யூனிட், இப்போது 8. கேஸ் 49 யூனிட்டாக இருந்தது, இப்போது 51. இரவிலும் ஹீட்டிங் ஓடுகிறது, முன்பு அணைந்திருந்தது. அப்படியிருந்தும் இவ்வளவுதான் கூடியிருக்கிறது என்று கணவருக்கு நம்பவே முடியவில்லை.

மின்சாரப் போர்வை பற்றி நர்ஸ் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அத்தைக்குச் சர்க்கரை நோய், பாதங்களில் உணர்வு குறைவு. இப்படிப்பட்டவர்கள் போர்வையை ஓடவிட்டு அதன்மேல் தூங்கக் கூடாது, வெந்நீர்ப் பையைக் காலுக்கு வைக்கவும் கூடாது. சுடுவதே தெரியாமல் தோல் வெந்துவிடும். வார்டில் பார்த்திருக்கிறேன். படுக்கையை முன்னதாகச் சூடாக்கி, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுத்த பிறகு படுக்கவைக்கிறேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். முள் 1.2இலிருந்து மறுபடி 0.9க்கு இறங்கியிருக்கிறது. ஏஜென்ட்டைக் கேட்டால், வருடாந்திரப் பரிசோதனை முடிந்துவிட்டது, பாய்லர் சரியாக இருக்கிறது என்கிறார். ஹால் ரேடியேட்டர் அடியில் குளிர்ச்சியாக இருக்கிறது, இதுவும் காற்றா?

*

ஹாரோ பொயிலர்காரன் எழுதியது:

போர்வை விசயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, தங்கச்சி. நான் அதை யோசித்து எழுதியிருக்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்கும் இனிச் சொல்கிறேன்.

அடியில் குளிர் என்றால் காற்று இல்லை, கறுப்புச் சேறு. ரேடியேற்றர் இரும்பு உள்ளே துருப்பிடித்து அடியில் படிந்திருக்கிறது. அதைக் கழுவி எடுக்கவேண்டும், பொயிலருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றும் பூட்டவேண்டும். இது உங்கள் வேலையும் இல்லை, செலவும் இல்லை. 1985 ஆம் ஆண்டு வீட்டுச் சொந்தக்காரர், வாடகையாளர் சட்டத்தின் 11வது பிரிவு, ஹீற்றிங்கும் சுடுதண்ணியும் ஒழுங்காக வேலை செய்யும்படி வைத்திருப்பது சொந்தக்காரரின் பொறுப்பு என்கிறது.

ஏஜென்ர் சொல்லும் வருடாந்தரப் பரிசோதனை காஸ் பாதுகாப்புக்கானது. காஸ் ஒழுகுகிறதா, புகை சரியாகப் போகிறதா என்று பார்ப்பார்கள். தண்ணி அழுத்தம் ஏன் இறங்குகிறது, சேறு இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வராது. அந்தப் பத்திரத்தின் பிரதியை உங்களுக்குத் தந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் கேளுங்கள். அழுத்தம் இறங்குவதைத் திகதி போட்டுப் படம் எடுத்து, ரேடியேற்றர் அடி குளிர்வதையும் சேர்த்து மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் கதைத்தது நாளைக்கு நிற்காது. பெரும்பாலும் ஏதாவது ரேடியேற்றர் வால்வின் கழுத்தில் ஒழுகும். கடதாசித் துண்டால் ஒவ்வொன்றையும் துடைத்துப் பாருங்கள், ஈரம் பட்ட இடத்தையும் படம் எடுங்கள். எங்கேயும் ஈரம் இல்லாவிட்டால் பொயிலருக்குள் இருக்கும் விரிவுத் தாங்கியில் காற்றுக் குறைந்திருக்கலாம், அதை வருகிறவர் பார்ப்பார்.

குசினியில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா? பொயிலர் இருக்கும் அறையில் அதை வைப்பது 2022 ஒக்ரோபரில் இருந்து இங்கிலாந்தில் சொந்தக்காரரின் கடமை. இல்லையென்றால் அதையும் அதே மின்னஞ்சலில் எழுதுங்கள், பதில் வரும்வரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே கடையில் ஒன்று வாங்கி வையுங்கள்.