சேனல் கணக்கெடுக்க ஏஜென்ட் வைத்திருப்பவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அல்சூர் வாசி

ஏஐ ஏஜென்ட்டை யூடியூபோடு இணைத்து சேனலின் சப்ஸ்கிரைபர், வியூ எண்களை எடுத்துக் கொடுக்கும் எம்சிபி கருவியைப் பற்றித்தான் பேச்சு, நேரே விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மாவின் சமையல் சேனலை அதில் இணைத்துக் கொடுத்தேன். தினமும் காலையில் ஏஜென்ட் கணக்கைப் பார்த்து அவருக்குத் தமிழில் ஒரு வரி அனுப்பும். மூன்று வாரமாக ஒரே வரி: "சப்ஸ்கிரைபர் 1,24,000. மாற்றம் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அடுப்பில் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கேமரா ஸ்டாண்டை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகியிருந்தார். கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "மூணு வாரமா ஒருத்தர்கூட வரலையேடா. என் சமையல் அலுத்துப்போச்சு போல" என்றார். அவர் போனிலேயே சேனல் உரிமையாளருக்கான யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து காட்டினேன்: 1,24,870.

இந்தக் கருவி யூடியூபிடம் எண் கேட்கும் வழிதான் ஏபிஐ. 2019-இல் இருந்து அது வெளியே கொடுப்பது முதல் மூன்று இலக்கம்தான். மீதி எல்லாம் சுழி. 1,24,001 ஆனாலும் 1,24,999 ஆனாலும் 1,24,000 என்றே வரும். எனக்கு இது தெரியும், அவரிடம்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த மடித்த ஸ்டாண்ட் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கோரமங்கலா 5வது பிளாக்

உங்களுக்குக் குறைந்த எண் வந்தது. எனக்கு இல்லாத எண்ணே வந்தது.

கடந்த ஜூலையில் ஒரு வாடிக்கையாளருக்கு டெமோ. முந்தின நாள் மதியத்திலிருந்து ஏஜென்ட்டை ஓடவிட்டு, சேனல் பெயர்களாகக் கொடுத்துச் சோதித்திருந்தேன். பெயர் கொடுத்தால் கருவி தேடலுக்குப் போகிறது. யூடியூப் ஒவ்வொரு கேள்விக்கும் நாள் கோட்டாவிலிருந்து யூனிட் கழிக்கும்: அப்போது ஒரு தேடலுக்கு 100 யூனிட், ஒரு நாளைக்கு மொத்தம் 10,000. காலை 11 மணிக்கு அவர் தன் போட்டிச் சேனலைக் கேட்டபோது கோட்டா காலி. கருவியிடமிருந்து 403 பிழை வந்திருக்கிறது. ஏஜென்ட் அதை வாய்திறந்து சொல்லவே இல்லை. "சுமார் 3,40,000 சப்ஸ்கிரைபர்" என்று எழுதியது.

அவர் ஒன்றும் பேசவில்லை. தன் போனில் அந்தச் சேனலைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பி மேசையில் வைத்தார். 6,10,000. டீ ஆறிப்போகும்வரை ஒருவரும் பேசவில்லை. இந்த மாதிரிக் கருவியை நம்பி யாரும் டெமோவுக்குப் போகாதீர்கள்.

மடிவாளா பின்தெரு

கோரமங்கலா நண்பர் சொல்வதை ஏற்க முடியவில்லை. கருவி 403 என்று சரியாகத்தான் சொன்னது. அதை எண்ணாக மாற்றியது ஏஜென்ட். பழியை இடம் மாற்றிப் போடாதீர்கள்.

எனக்கும் ஒரு தடவை ஆனது: வரிசைப் பட்டியலில் 98,000 உள்ள சேனல் 1,24,000 உள்ளதற்கு மேலே வந்து நின்றது. ஏபிஐ எண்களை எழுத்துச் சரமாகத் தருவதால் 9 பெரிது, 1 சிறிது என்று அடுக்கிவிட்டது. எண்ணாக மாற்றிய பிறகு சரியானது, அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பெயரை வைத்துத் தேடவே வேண்டாம். @ போட்டு வரும் சேனல் ஹேண்டில் தெரிந்தால் சேனல்ஸ்.லிஸ்ட் என்ற ஏபிஐ அழைப்பில் நேரே கொடுங்கள், 1 யூனிட்தான். ஒரே பெயரில் பத்துச் சேனல் இருக்கும், தேடினால் எது கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது. முதல் முறை கிடைக்கும், யூசி (UC) என்று தொடங்கும் சேனல் ஐடியைச் சேமித்து வையுங்கள், ஹேண்டில் மாறினாலும் அது மாறாது. வீடியோ பட்டியலுக்கும் தேடல் வேண்டாம். அதே அழைப்பில் பதிவேற்றங்களின் பிளேலிஸ்ட் ஐடி கிடைக்கும், அதிலிருந்து பக்கத்துக்கு 50 வீடியோவாக எடுத்து, அந்த 50-இன் கணக்கையும் ஒரே அழைப்பில் கேட்கலாம். அப்புறம், கருவி பிழை தந்தால் "கணக்கு கிடைக்கவில்லை" என்ற வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் எழுதக் கூடாது என்று ஏஜென்ட்டுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். எடுத்த நேரத்தையும் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். கோட்டா புதுப்பிப்பது அமெரிக்கப் பசிபிக் நேர நள்ளிரவில். நமக்கு அது கோடையில் மதியம் 12:30, குளிர்காலத்தில் 1:30. காலை 11 மணிக்கு டெமோ வைத்தால் முந்தின நாள் மதியம் தொடங்கிய கோட்டாவின் மிச்சத்தில்தான் ஓடுவீர்கள்.

கோரமங்கலா 5வது பிளாக்

12:30 கணக்கு இப்போது எனக்கும் தெரியும். யார் தப்பு என்று நான் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவருக்குக் கருவியும் ஏஜென்ட்டும் ஒன்றுதான்.

சிக்பேட்டை சேலைக்கடை வீடியோ

நான் ஒரு பட்டுச் சேலைக் கடைக்கு ஷார்ட்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். 2025 ஏப்ரல் கடைசியில் ஏஜென்ட் அறிக்கை கொடுத்தது: மார்ச்சைவிட வியூஸ் பல மடங்கு. முதலாளி அன்று மாலையே மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். "உன் கைராசிம்மா" என்று என் மேசையில் வைத்தார்.

எனக்கு வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. மார்ச் 31-லிருந்து ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, திரும்ப ஓடினாலும் ஒரு வியூ என்று யூடியூப் எண்ணும் முறையே மாறியது. வெளி ஏபிஐ கொடுப்பதும் அந்தப் புது எண்தான். பழைய முறைக் கணக்கு வேண்டுமானால் சேனல் உரிமையாளர் அனுமதி கொடுத்து அனலிட்டிக்ஸில் பார்க்க வேண்டும். மறுநாள் அவரிடமே லாகின் வாங்கி இரண்டு மாதத்தையும் பழைய முறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வளர்ச்சி இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். "சரிம்மா, உள்ளதைச் சொன்னே" என்றார்.

அல்சூர் வாசி

"மாற்றம் இல்லை" என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். இப்போது "1,24,000-க்கு மேல்" என்று போகிறது. நேற்று பெரியம்மா ஸ்டாண்டை விரித்து வாழைப்பூ வடை எடுத்தார்.

சிக்பேட்டை அக்கா, ஏபிஐயில் ஷார்ட்ஸுக்குத் தனி அடையாளம் இல்லையே, நீளத்தை வைத்தா பிரிக்கிறீர்கள்?

சிக்பேட்டை சேலைக்கடை வீடியோ

ஆமாம் தம்பி, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போடாதே. 2024 அக்டோபர் 15-க்குப் பிறகு ஏற்றிய நெட்டுவாக்கு வீடியோ 3 நிமிடம் வரை ஷார்ட்ஸ். அதற்கு முந்தியது 60 விநாடி வரைதான்.