உபுண்டு: வயர் இணைப்பு இருக்கிறது, இணையம் வரவில்லை

தங்கச்சிமடம்:
மாமாவின் நண்டு கம்பெனியில் பில் போடும் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. லினக்ஸ் எனக்குப் புதிது. முன்பு பார்த்துக்கொண்டவர் வெளிநாடு போய்விட்டார். போன வாரம் ரௌட்டரை மாற்றினார்கள். கைப்பேசியில் வைஃபை வருகிறது. கணினியில் எந்தத் தளமும் திறப்பதில்லை. ஆனால் ‘இணைக்கப்பட்டது’ என்றே காட்டுகிறது. ராத்திரி லாரி கிளம்புவதற்குள் பில் அனுப்பியாக வேண்டும்.

தொண்டி:
வயர் முனையைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும்.

கீழக்கரை:
எது நின்றாலும் உப்புக்காற்றின் மேல் பழி! ‘இணைக்கப்பட்டது’ என்று வந்தால் வயர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். தம்பி, கட்டளை தட்டும் டெர்மினல் சாளரத்தில் ‘ஐபி அட்ரஸ்’ (ip address) கட்டளை கொடுத்து, வரும் எண்ணைச் சொல்லுங்கள். கைப்பேசியின் எண்ணும் வேண்டும்.

தங்கச்சிமடம்:
கணினியில் 192.168.0.50. கைப்பேசியில் 192.168.1.7, அதில் கேட்வே 192.168.1.1 என்று இருக்கிறது.

கீழக்கரை:
அகப்பட்டது. மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: ஒன்றில் 0, மற்றதில் 1. பழைய ரௌட்டருக்காக யாரோ கையால் எழுதி வைத்த நிலையான முகவரி அது. இல்லாத கேட்வேயை, அதாவது இணையத்துக்கு வழிவிடும் பழைய ரௌட்டரின் முகவரியை, கணினி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. டிஹெச்சிபி முறையில், அதாவது ரௌட்டரிடமே எண்ணைத் தானாகக் கேட்டும் கிடைக்காமல் போயிருந்தால் உபுண்டுவில் பெரும்பாலும் இப்படி எண்ணே வந்திருக்காது. அப்போது ரௌட்டரையோ வயரையோ சந்தேகப்படலாம்.

அமைப்புகளில் நெட்வொர்க், வயர்டு இணைப்பின் பல்சக்கரக் குறி, ஐபிவி4. அங்கே ‘மேனுவல்’ இருப்பதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கிச் சேமியுங்கள். இணைப்பை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். பிறகு பதில் வருகிறதா என்று பார்க்க, டெர்மினலில் பிங் (ping) கட்டளையோடு முதலில் ரௌட்டரின் 192.168.1.1, அடுத்து இணையத்திலுள்ள கூகுளின் 8.8.8.8, கடைசியாக ஒரு தளத்தின் பெயர் என்று கொடுத்துப் பாருங்கள். எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

தங்கச்சிமடம்:
அண்ணா, முதல் இரண்டும் பதில் தருகின்றன. பெயர் கொடுத்தால் மட்டும் இல்லை.

கீழக்கரை:
அப்படியென்றால் பாதை சரி. பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் பாக்கி. அதே பக்கத்தில் டிஎன்எஸ் கட்டத்தில் 192.168.0.1 ஒட்டிக்கொண்டிருக்கும். அழித்துவிட்டு, பக்கத்திலுள்ள ஆட்டோமேட்டிக் பொத்தானை இயக்குங்கள். இணையத்தில் தேடினால், டிஎன்எஸ் முகவரி எழுதியிருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திருத்தச் சொல்வார்கள். அதில் 127.0.0.53 என்று இருப்பது தவறில்லை; கணினிக்குள்ளேயே இயங்கும் சேவையின் முகவரி அது. தொடாதீர்கள்.

தங்கச்சிமடம்:
தளங்கள் திறக்கின்றன. பில்லும் போய்விட்டது. மிக்க நன்றி அண்ணா. ஆனால் நெட்வொர்க் பிரின்டர் அச்சடிக்க மறுக்கிறது.

கீழக்கரை:
அதற்கும் பழைய 192.168.0 வரிசையில் நிலையான முகவரி கொடுத்திருப்பார்கள். பிரின்டரின் மெனுவிலேயே டிஹெச்சிபிக்கு மாற்றுங்கள். பின்னர் ரௌட்டர் பக்கத்தில் அதன் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஓர் ஐபி எண்ணை ஒதுக்கிவிட்டால் என்றும் அதே எண்தான் கிடைக்கும். கணினியில் பழைய பிரின்டரை நீக்கி, அந்த எண்ணில் புதிதாகச் சேர்த்துவிடுங்கள்.

தொண்டி:
எதற்கும் வயர் முனையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.