டார்வின்–ஃபிராங்க்லாந்து கடிதங்களில் வரும் 'ஃபெர்மென்ட்': பிரை என்று சொல்லலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

டார்வினும் வேதியியலாளர் ஃபிராங்க்லாந்தும் எழுதிக்கொண்ட கடிதங்களைத் தமிழாக்கி வருகிறேன். அவற்றில் வரும் 'ஃபெர்மென்ட்' (ஒன்றைப் புளிக்கவோ செரிக்கவோ வைக்கும் பொருள்) என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்று போன வாரம் கேட்டேன். மூன்று பரிந்துரைகள் வந்தன: நொதி, நொதியம், புளிப்பி. மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பெயர்த்துப் பார்த்தேன். மூன்றுமே எங்கோ ஓரிடத்தில் இடறுகின்றன. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இது வெறும் அகராதிச் சிக்கல் இல்லை. இந்தச் சொல்லைத் தவறாகப் போட்டால் அந்த இரண்டு பேரும் எதைப் பற்றி எழுதிக்கொண்டார்கள் என்பதே தமிழில் தெரியாமல் போய்விடும்.

பின்னணி தெரியாதவர்களுக்காக: 1860 கோடையில் டார்வின் சசெக்ஸ் பக்கத்துப் புதர்க்காட்டில் ட்ரோசிரா செடியைப் பார்க்கிறார். நம் ஊர் ஈரநிலங்களில் அழுகண்ணி என்று சொல்லும் செடியின் இனம்தான். இலை முழுக்கச் சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பிசுபிசுத்த ஒரு துளி, அதில் ஒட்டிக்கொண்ட பூச்சிகள். அந்த ஆண்டு நவம்பரில் நிலவியலாளர் நண்பர் லயலுக்கு எழுதிய கடிதத்தில், உலகத்து உயிரினங்கள் எல்லாம் தோன்றிய கதையைவிட இப்போது எனக்கு ட்ரோசிராதான் பெரிது என்ற பொருளில் எழுதுகிறார். 'உயிரினங்களின் தோற்றம்' நூல் வெளிவந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்த நேரம் அது! அப்புறம் வேறு வேலைகள். 1870களின் தொடக்கத்தில் மறுபடியும் இந்தச் செடிக்கு வருகிறார். பூச்சி ஒட்டிக்கொள்கிறது, சரி. செடி அதைச் செரிக்கிறதா, அல்லது பூச்சி தானாக அழுகுகிறதா? செரிக்கிறது என்றால் நம் இரைப்பையில் நடப்பதைப் போலவேயா?

இதற்கு வேதியியல் வேண்டும். அதனால் 1873இல் எட்வர்ட் ஃபிராங்க்லாந்துக்குக் கடிதம் போகிறது. சாதாரண ஆள் இல்லை அவர். ஓர் அணு இத்தனை அணுக்களோடுதான் சேரும் என்ற கருத்தை, அதாவது நாம் இணைதிறன் என்று படிப்பதை, 1852இலேயே முன்வைத்தவர். லண்டன் குடிநீரை ஆண்டுக்கணக்காகப் பகுப்பாய்வு செய்தவர். கலைச்சொல் தேடும் இந்தக் குழுவுக்கு இன்னொரு செய்தியும் முக்கியம்: அணுக்களுக்கு இடையிலான 'பாண்ட்' என்ற சொல்லை 1866இல் வேதியியலுக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். கட்டு, முடிச்சு என்று வீட்டில் புழங்குகிற எளிய சொல்லை எடுத்து அறிவியலுக்குக் கொடுத்தார். நாம் அதற்குப் பிணைப்பு என்று அழகாகச் சொல்லிவிட்டோம். கலைச்சொல் ஆக்குகிறவர்கள் அவரிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சரி, கடிதத்துக்கு வருவோம். டார்வின் கேட்டது: இலை சுரக்கும் நீரில் இருப்பது என்ன அமிலம்? ஒரு துளியை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதனால் நானூற்றுக்கும் மேற்பட்ட இலைகளில் கண்ணாடித் தூளைத் தூவி, சுரக்க வைத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அந்தக் கழுநீரை லண்டனுக்கு அனுப்புகிறார்கள். ஃபிராங்க்லாந்து சோதித்துவிட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இல்லை, கந்தக அமிலம் இல்லை, ஆக்சாலிக், ஃபார்மிக் எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் புரோப்பியோனிக் அமிலமாகவோ, அசெட்டிக்கும் பியூட்டிரிக்கும் சேர்ந்த கலவையாகவோ இருக்க வேண்டும் என்கிறார். கூடவே, அந்த நீரில் கந்தக அமிலம் சேர்த்தபோது பெப்சின் (இரைப்பையில் புரதத்தைச் செரிக்க வைக்கும் பொருள்) நாற்றம் குப்பென்று அடித்தது என்றும் சொல்கிறார். மொழிபெயர்க்கும்போது நான் நின்றுவிட்ட இடம் இதுதான். தேடியது அமிலத்தை, மூக்கில் ஏறியதோ இன்னொன்றின் வாடை.

அந்த இன்னொன்றுதான் 'ஃபெர்மென்ட்'.

இனி பரிந்துரைகள். ஒரு நண்பர் எழுதினார்:

> ஃபெர்மென்ட் என்பது இன்றைய என்சைம்தானே. நொதி என்று போட்டுவிட்டு ஓர் அடிக்குறிப்பு கொடுத்தால் போதும்.

இலங்கை நண்பர் ஒருவர் அதையே நொதியம் என்று போடச் சொன்னார், அங்கே பாடநூல் வழக்கு அது. இரண்டிலும் சிக்கல் ஒன்றே. என்சைம் என்ற சொல்லைக் கூனே என்ற ஜெர்மானியர் உண்டாக்கியதே 1877இல். இந்தக் கடிதங்கள் 1873, பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றிய டார்வினின் நூல் 1875. சொல் பிறக்கவே இல்லை. ஆண்டுக் கணக்கு மட்டும் பிரச்சினை என்றால் நானும் விட்டுவிடுவேன். ஆனால் கூனே அந்தச் சொல்லைப் பிரித்தெடுத்ததற்கே காரணம், ஃபெர்மென்ட் என்ற ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமந்துகொண்டிருந்தது என்பதுதான். ஈஸ்ட் மாதிரி உயிருள்ளதும் ஃபெர்மென்ட், 1836இல் ஷ்வான் கண்ட பெப்சின் மாதிரி உயிரில்லாததும் ஃபெர்மென்ட். நொதித்தல் உயிரின் செயல் என்று பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்டர் ஒரு பக்கம், வெறும் வேதிவினை என்று ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் மறுபக்கம். ஃபிராங்க்லாந்து இளமையில் அந்த லீபிக்கின் ஆய்வகத்தில் இருந்து வந்தவர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பம் தீராத நேரத்தில் எழுதிய கடிதத்தில் நொதி என்று போட்டால், அவர்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிறோம். அது பொய்யான மொழிபெயர்ப்பு என்பது என் கருத்து.

புளிப்பி என்ற பரிந்துரை முதலில் எனக்கும் பிடித்தது. மாவு புளிக்கிறது, கள் புளிக்கிறது, அதைச் செய்வது புளிப்பி. ஆனால் இந்தக் கடிதங்களுக்கு இதைவிடப் பொருந்தாத சொல் இல்லை. புளிப்பு என்றாலே அமிலச் சுவை. டார்வின் பாடுபட்டு நிறுவுவதோ அமிலம் வேறு, ஃபெர்மென்ட் வேறு என்பதை! அவித்த முட்டை வெள்ளைக்கருவைச் சிறு கட்டிகளாக நறுக்கி இலையில் வைக்கிறார், கரைகிறது. காரத்தைச் சேர்த்து அமிலத்தை முறிக்கிறார், கரைவது நின்றுவிடுகிறது. அப்புறம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் விடுகிறார், மறுபடி கரையத் தொடங்குகிறது. ஆக, கரைக்கும் பொருள் நடுவில் எங்கும் போகவில்லை, அமிலத் துணை இல்லாமல் சும்மா கிடந்தது. இன்னொன்று: கண்ணாடித் தூளை வைத்தால் அமிலம் மட்டும் சுரக்கிறது, ஃபெர்மென்ட் வர இலை கொஞ்சமாவது விலங்குப் பொருளை உறிஞ்சியிருக்க வேண்டும் என்று டார்வின் கருதுகிறார். 'அமிலம் இருந்தது, புளிப்பி இல்லை' என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் தலையைச் சொறிவார்.

அதனால் நான் முன்வைப்பது: பிரை.

எங்கள் வீட்டில் ராத்திரி பால் ஆறியதும் அம்மா கேட்கிற கேள்வி, 'பெரை ஊத்தியாச்சா?' சில ஊர்களில் புரை, சில ஊர்களில் உறை, உறைமோர். தயிர் தீர்ந்துபோன நாளில் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு ஓடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். துளிதான் ஊற்றுகிறோம், குடம் பாலும் மாறிவிடுகிறது. ஃபெர்மென்ட் என்ற கருத்தின் உயிரே இதுதான்: அளவு அற்பம், விளைவு பெரிது. புறநானூறு 276ஆம் பாட்டில், பால் குடத்தில் ஆய்மகள் நகத்தால் தெறித்த உறைத்துளியை, 'குடப்பால் சில்லுறை' என்று, ஒரு வீரன் தனியாளாய்ப் படை முழுவதையும் கலங்கடித்ததற்கு உவமையாகச் சொல்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டாக நம்மிடம் இருக்கிற கருத்தை விட்டுவிட்டு எங்கே போய்த் தேடுகிறோம்?

பாலுக்கும் இந்தச் செடிகளுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு, நான் வலிந்து இழுக்கவில்லை. டார்வின் ட்ரோசிரா இலையில் பால்துளி விட்டுத் திரிவதைப் பார்த்திருக்கிறார். அதே நூலில் வரும் பிங்குவிக்குலா என்ற இன்னொரு பூச்சியுண்ணியின் இலையைப் போட்டு லாப்லாந்து மக்கள் பாலை உறைய வைப்பதை லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்திருக்கிறார். அதாவது அந்தச் செடியின் இலையே அவர்களுக்குப் பிரை.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். தனிமடலில் ஐயா ஒருவர் கேட்டார்:

> பிரையில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. செடி சுரப்பதில் உயிர் எதுவும் இல்லையே?

உண்மைதான் ஐயா. ஆனால் ஃபெர்மென்ட் என்ற சொல்லும் அதே ஈஸ்ட் பக்கத்திலிருந்து வந்து பெப்சினுக்கும் பரவியதுதான். 1873இல் அந்த எல்லை இன்னும் வரையப்படவில்லை. தமிழ்ச் சொல்லும் அதே அகலத்தோடு இருந்தால்தான் நேர்மை. தேவைப்படும் இடத்தில் உயிர்ப்பிரை, உயிரிலாப் பிரை என்று பிரித்துக்கொள்ளலாம். செரிமானத்துக்கு உரியதைச் செரிபிரை எனலாம்.

உறை என்றே வைக்கலாமே, சங்க வழக்கு ஆயிற்றே என்றால், எனக்கும் ஆசைதான். ஆனால் உறை என்றால் மேலுறை, விதையுறை, பனி உறைவது எல்லாம் குறுக்கே வரும், அதுவும் தாவரவியல் நூலில். பிரைக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்றைய பாடநூல்களில் நொதியையோ நொதியத்தையோ மாற்றச் சொல்லவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவை வேரூன்றிய சொற்கள். நான் கேட்பது என்சைம் பிறப்பதற்கு முந்தைய எழுத்துகளுக்கு மட்டும். டார்வின் நூல் வந்த அதே 1875இல்தான் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஃபிஸ்க் கிறீனின் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் தமிழில் வந்தது. அந்தக் காலத்து வேதியியலைத் தமிழில் சொல்லப் போராடியவர்கள் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக்கு என்று ஒரு சொல் தனியே வைத்துக்கொள்வதில் தவறில்லை.

என் வரைவில் இப்போது இப்படி இருக்கிறது: 'சுரப்புநீரில் அமிலம் உண்டு, அதோடு பெப்சினைப் போன்ற ஒரு பிரையும் உண்டு, இரண்டும் சேர்ந்தால்தான் வெள்ளைக்கரு கரைகிறது.' இதை உங்கள் வீட்டில் அறிவியல் படிக்காத யாரிடமாவது வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு எழுதுங்கள். நுனியில் சுரப்பி உள்ள அந்த மயிர்களுக்கு டார்வின் போட்ட 'டென்டக்கிள்' என்ற சொல்லைப் பற்றி அடுத்த மடலில் கேட்கிறேன், அதற்கு உணர்கொம்பு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்புடன்.