சிவிசிஆர்எம்: கிளைகளே அறிக்கை பார்த்துக்கொள்ள வழி செய்தேன், எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. உதவி தேவை

கேட்டவர்

வணக்கம் நண்பர்களே. எங்கள் சங்கத்துக்கு 11 மாவட்டங்களில் கிளைகள் உண்டு. உறுப்பினர் பதிவு, சந்தா, ரசீது எல்லாம் வேர்ட்பிரஸ் மேல் ஓடும் சிவிசிஆர்எம் என்ற உறுப்பினர் மேலாண்மை மென்பொருளில் இருக்கின்றன. அலுவலகத்தில் கணினி வேலைக்கு நான் ஒருவன்தான். திங்கட்கிழமை விடிந்தால் கிளைப் பொறுப்பாளர்களிடமிருந்து ஃபோன்: "இந்த மாதம் யார் யாருக்குச் சந்தா முடிகிறது, பட்டியல் அனுப்புங்கள்." எக்செல்லை மாவட்டவாரியாகப் பிரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி முடிக்க மதியம் ஆகிவிடுகிறது. இத்தனை பேருடைய ஃபோன் எண்ணும் முகவரியும் அப்படிச் சுற்றுவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர்களே உள்நுழைந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று, தரவுத்தளத்திலிருந்து அறிக்கை எடுக்கும் மெட்டாபேஸ் மென்பொருளை நிறுவி, தரவுத்தளத்தோடு இணைத்தேன். உறுப்பினர், சந்தா வரவு இரண்டு அட்டவணைகளையும் ஜாயின் செய்து (ஒன்றாக இணைத்து) ஒரு அறிக்கை போட்டேன். சிவிசிஆர்எம்மில் நடப்பு உறுப்பினர் 2,140. மெட்டாபேஸில் 2,615. செயலாளர் இரண்டையும் பார்த்துவிட்டு "எது சரி?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் பொதுக்குழு வேறு இருக்கிறது. எங்கே தவறு செய்தேன்?

பதில் 1

அந்த ஜாயின்தான் முதல் சந்தேகம். ஒருவர் சந்தாவை இரண்டு தவணையாகக் கட்டியிருந்தால் வரவு இரண்டு வரி, அதனால் அவரும் இரண்டு முறை வருவார். வரிகளை எண்ணாமல், உறுப்பினர் எண்ணை ஒரு முறை மட்டும் வருமாறு எண்ணிப் பாருங்கள்.

அப்புறம், சிவிசிஆர்எம்மில் ஒரு தொடர்பை (ஒருவருடைய பதிவை) நீக்கினால் அது குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். வரி தரவுத்தளத்திலேயே இருக்கும், நீக்கப்பட்டது என்ற குறி மட்டும் விழும். சோதனைக்குப் போட்ட உறுப்பினர் பதிவுகளுக்கும் இதே மாதிரி ஒரு குறி உண்டு. திரையில் இவை இரண்டும் மறைந்திருக்கும். நேரடியாக அட்டவணையைப் படிக்கும் மெட்டாபேஸுக்கு இது தெரியாது, நீங்கள்தான் வடிகட்ட வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி சார், அப்படியே இருந்தது! தவணையால் கூடுதலாக வந்த வரிகள் 391, நீக்கிய தொடர்புகள் 62, சோதனைப் பதிவுகள் 22. மொத்தம் 475. கழித்தால் சரியாக 2,140. செயலாளரிடம் சொல்லிவிடலாமா?

பதில் 2

கொஞ்சம் பொறுங்கள் தோழர். இரண்டு எண்ணும் ஒத்துப்போகின்றன, சரி. ஆனால் அந்த 2,140 சரியா?

சிவிசிஆர்எம் உறுப்பினர் நிலையை நீங்கள் திரையைத் திறக்கும்போது கணக்கிடுவதில்லை. உறுப்பினர் நிலையைப் புதுப்பிக்க ஒரு திட்டமிட்ட பணி இருக்கிறது. அது ஓடினால்தான் 'நடப்பு' என்பது 'சலுகைக் காலம்' ஆகும், பிறகு 'காலாவதி' ஆகும். சர்வரில் க்ரான் (குறித்த நேரத்தில் பணிகளை ஓடவைக்கும் வசதி) போடாவிட்டால் அது தானாக ஓடாது. திட்டமிட்ட பணிகள் பக்கத்தில் அது கடைசியாக ஓடிய தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று. நிறுவியபடியே விட்டிருந்தால், சந்தா முடிந்து ஒரு மாதம் வரை சலுகைக் காலம், அந்த மாதத்திலும் அவரை நடப்பு உறுப்பினராகவே எண்ணும். உங்கள் பைலாவில் அவருக்கு வாக்கு உண்டா? இதை மென்பொருள் முடிவு செய்யக் கூடாது. பொதுக்குழு நேரத்தில் வாக்காளர் பட்டியலில் தகராறு வந்து, இரண்டு அணியாகப் பிரிந்த ஒரு சங்கத்தில் இருந்தவன் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பதில் 3

எண்ணிக்கை பற்றி நண்பர்கள் சொல்லிவிட்டார்கள், நான் அனுமதி பற்றி. மெட்டாபேஸை எந்தப் பயனர் பெயரில் இணைத்தீர்கள்? வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் அதே பயனர் என்றால் இன்றே மாற்றுங்கள். படிக்க மட்டும் அனுமதி உள்ள தனிப் பயனர் போதும்.

ஆனால் கிளைகளுக்கு மெட்டாபேஸ் தேவையே இல்லை என்பது என் கருத்து. ஒரே அறிக்கையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் மாவட்டத்து வரிகளை மட்டும் காட்டும் வசதி அதன் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. சிவிசிஆர்எம்முடனேயே வரும் சர்ச்கிட் என்ற தேடல் கருவி இதற்குப் போதும். சந்தா முடியும் தேதி, பெயர், ஃபோன் என்று ஒரு தேடல் போட்டு, அட்டவணைக் காட்சியாகச் சேமியுங்கள். அதை ஃபார்ம்பில்டரில் (பக்கம், படிவம் அமைக்கும் கருவி) ஒரு பக்கமாக வைத்து, தேதி வடிகட்டியும் சேருங்கள். மாவட்டத்துக்கு ஒரு ஸ்மார்ட் குழு (நிபந்தனைக்குப் பொருந்துவோர் தானாகச் சேரும் குழு), அந்தக் குழுவைப் பார்க்க மட்டும் அந்தப் பொறுப்பாளருக்கு ஏசிஎல் விதி (யார் எதைப் பார்க்கலாம் என்ற விதி). பக்கம் ஒன்றுதான், ஆளுக்கு ஆள் வரிகள் மாறும்.

பலர் சறுக்கும் இடம்: வேர்ட்பிரஸில் அந்தப் பொறுப்பாளர் ரோலுக்கு (பயனர் வகைக்கு) 'எல்லாத் தொடர்புகளையும் பார்க்கலாம்' என்ற அனுமதி இருந்தால் ஏசிஎல் விதி எதுவும் வேலை செய்யாது. அதை எடுத்துவிட்டு, உறுப்பினர் பகுதிக்கான அனுமதியை மட்டும் கொடுங்கள். காட்சி அமைப்பில் அனுமதிச் சோதனையைத் தவிர்க்கும் தேர்வு இருக்கும், அதையும் தொடாதீர்கள். முடித்ததும் ஒரு பொறுப்பாளர் கணக்கில் நீங்களே நுழைந்து வேறு மாவட்டத்துப் பெயர் ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் 2இல் தோழர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. சர்வர் மாற்றியபோது க்ரான் விட்டுப்போயிருக்கிறது, நிலை புதுப்பிக்கும் பணி அன்றிலிருந்து ஓடவே இல்லை. ஓடவிட்டதும் நடப்பு உறுப்பினர் 1,987. அதில் 104 பேர் சலுகைக் காலத்தில் இருக்கிறார்கள். செயலாளரிடம் இரண்டு எண்ணையும் பிரித்தே கொடுத்தேன். பைலாவை எடுத்துப் படித்துவிட்டு, நிர்வாகக் குழுவில் வைத்து முடிவு செய்கிறோம் என்றார்.

மெட்டாபேஸுக்குப் படிக்க மட்டுமான பயனர் போட்டுவிட்டேன், இனி அது அலுவலகத்துக்கு மட்டும். சர்ச்கிட் பக்கத்தை இரண்டு மாவட்டங்களுக்குத் திறந்திருக்கிறேன். சோதித்தபோது ஒரு கணக்கில் மற்ற மாவட்டமும் தெரிந்தது. பார்த்தால் அவருக்குப் பழைய ரோல் ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது. நீக்கியதும் சரியானது. மீதி 9 மாவட்டங்களுக்கும் ரோல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டே திறப்பேன்.