கொத்தடிமைகள் எத்தனை பேர்: பட்டியலை வைத்தா, வீடு வீடாகவா?

பென்னாகரம் வாத்தியார்:
கொத்தடிமைகளாகக் கடத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் வழக்கு எண்ணிக்கையை நீட்டுகிறார்கள். வழக்காகாதவர்களை யார் எண்ணுவது? குளத்து மீனை எண்ணும் முறை இதற்கு உதவும்: சில மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு, மறுமுறை வலை போடும்போது அவற்றில் எத்தனை சிக்குகின்றன என்று பார்த்து மொத்தத்தைக் கணிப்பார்கள். கோட்டாட்சியர் அலுவலகப் பட்டியலில் 100 பேர், தொண்டு நிறுவனப் பட்டியலில் 80 பேர், இரண்டிலும் 20 பேர் என்று வையுங்கள். 100-ஐ 80-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 400. பிரிட்டனில் 2013-ல் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று பட்டியல்களில் இருந்தவர்கள் 2,744 பேர். புள்ளியியலாளர் பெர்னார்ட் சில்வர்மேன் இப்படிப் பல பட்டியல்களை ஒப்பிட்டு, மொத்தம் 10,000 முதல் 13,000 வரை இருக்கலாம் என்றார். நாமும் செய்யலாமே?

அரூர் களப்பணியாளர்:
சார், இங்கே அது தப்பாகப் போகும். செங்கல் சூளைக்கு ஆட்களை மீட்கப் போகும்போது தொண்டு நிறுவனமும் கோட்டாட்சியரும் சேர்ந்தே போகிறார்கள். இரண்டு பட்டியலிலும் அதே பெயர்கள். பொதுவானவர்கள் 60 என்றால் உங்கள் 400 வெறும் 133 ஆகிவிடும். பாதிக்கப்பட்டவர்களை நாமே அழித்த மாதிரி.

ஓசூர் புள்ளியியல் மாணவி:
அக்கா சொல்வது சரி. மூன்று, நான்கு பட்டியல் இருந்தால் ஒரு பட்டியல் இன்னொன்றைச் சார்ந்திருப்பதையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் எந்தப் பட்டியலும் எட்டவே முடியாதவர்களுக்கு அதுவும் உதவாது.

அரூர் களப்பணியாளர்:
அதைத்தான் சொல்கிறேன். நூல் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண் எந்தப் பட்டியலில் வருவாள்? பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டில் வைத்துக் கேட்க வேண்டும். ‘நீ கொத்தடிமையா’ என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். அட்வான்ஸ் எவ்வளவு, பாதியில் கிளம்ப விட்டார்களா, போன் யாரிடம் இருந்தது, கூலி கையில் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

பென்னாகரம் வாத்தியார்:
குடும்பமே பூட்டிவிட்டுப் போயிருந்தால்? என் வகுப்பில் அப்படிக் காணாமல் போகும் பிள்ளைகள் உண்டு. உங்கள் கணக்கில் அந்த வீடு ‘ஆள் இல்லை’. மிக மோசமாகச் சிக்கியவர்களே விடுபட்டுப் போவார்கள்.

ஓசூர் புள்ளியியல் மாணவி:
கூடப் பிறந்தவர்களைப் பற்றியும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கலாம் சார். அண்ணன் சூளையில் இருந்தால் தங்கை சொல்வாள். ஒரே ஆளை இரண்டு தங்கைகள் சொன்னால் அதற்கேற்பக் கணக்கைக் குறைக்க வேண்டும்.

அரூர் களப்பணியாளர்:
சார் கேட்டது நியாயம், அதை நான் யோசிக்கவில்லை. சூளைக்குப் பெரும்பாலும் பொங்கல் முடிந்துதான் கிளம்புவார்கள். அதற்கு முன்னால் ஒரு முறை போவோம். மாசியில் மறுபடி போய், பூட்டிய வீடுகளைத் தனி நோட்டில் எழுதி, எந்த மேஸ்திரியோடு போனார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்போம். உங்கள் வருகைப் பதிவேட்டில் பெயர்களை மறைத்துவிட்டு, எந்தத் தேதியிலிருந்து பிள்ளைகள் வரவில்லை என்பதை மட்டும் தருவீர்களா?

பென்னாகரம் வாத்தியார்:
தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஆனால் பட்டியல் வேலையையும் விடப் போவதில்லை.