சிலப்பதிகாரம் கூட்டு வாசிப்பு: தடுக்கும் இடங்கள்

சிலப்பதிகாரம் வாசிக்கக் கூடும் வட்டங்கள் பெரும்பாலும் மூன்றாம் காதையில்தான் (காதை என்றால் அத்தியாயம்) கரைந்துபோகின்றன. 30 காதை, வாரம் இரண்டு, 15 வாரம் என்று போடும் அட்டவணைதான் காரணம். காதைகள் ஒரே கனம் அல்ல. மூன்றாவதான அரங்கேற்று காதையில் யாழ், குழல், தண்ணுமை ஆசிரியர்களின் இலக்கணம் அடுக்கடுக்காக வருகிறது. அதைச் சொல் சொல்லாகப் பிரிக்க உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போதாது. ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் கடந்துவிடுங்கள். மேடை அளவு வரும் இடத்தில் மட்டும் தாளில் வரையச் சொல்லுங்கள்: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம், ஒரு கோல் 24 விரல். கை அசைந்தால் தூக்கம் போகும்.

கோவலனும் மாதவியும் கடற்கரையில் பாடும் கானல்வரிக்கும், கோவலன் கொல்லப்படும் கொலைக்களக் காதைக்கும் தனித்தனி அமர்வு கொடுங்கள். மற்றவற்றை இரண்டு மூன்றாகச் சேர்க்கலாம்.

*

கானல்வரியை ஒருவரே படிக்கக் கூடாது. கோவலன் பாட்டு ஒரு குரல், மாதவி பாட்டு இன்னொரு குரல். பாட்டில் வருவது பாடியவரின் மனமா, வெறும் வரிப்பாட்டு மரபா என்ற குழப்பம்தான் அவர்கள் பிரிவுக்கே காரணம். இரு குரலில் கேட்டால் அது விளக்காமலே புரியும். இன்னொன்று, இந்தக் காதைக்குப் பழைய உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரின் உரை கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் காதையான ஊர்சூழ்வரிக்குப் பிறகும் இல்லை. அரும்பதவுரையும் (அரிய சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய உரை) சேர்ந்த பதிப்பு கையில் இருக்கட்டும். எல்லோரும் ஒரே பதிப்பை வைத்திருப்பது நல்லது. சந்தி பிரித்த (சேர்ந்த சொற்களைத் தனித்தனியாக அச்சிட்ட) பதிப்பு பாதிப் பேரிடம், பிரிக்காதது மீதிப் பேரிடம் என்றால் "எந்த அடி?" என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

*

"பாண்டியன் செய்தது சரியா?" என்று விவாதத்தைத் தொடங்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடுவார்கள். கொலைக்களக் காதையில் அவன் இட்ட ஆணையை எடுங்கள். "கள்வன் கையதாகில்" கொன்று சிலம்பைக் கொண்டுவா என்கிறான். அந்த 'ஆகில்' ஒரு நிபந்தனை. சிலம்பு கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னான். அது யாருடையது என்று பார்க்கச் சொல்லவில்லை. விசாரணை எங்கே விட்டுப்போனது என்பது அங்கே தெரியும். பிறகு, கண்ணகி அரசனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையில் சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கும் இடத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கொலைக்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை, கொலைக்குப் பின் நடக்கிறது. பேச்சு தானாகச் சூடுபிடிக்கும்.

*

மதுரை எரிந்ததும் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதன் பிறகு வரும் கடைசிப் பகுதியான வஞ்சிக் காண்டம் ஏழே காதைதான், மூன்று அமர்வில் முடியும். சேரன் படையெடுப்பில் ஆர்வம் குறைவது இயல்பு, அங்கே வேகமாகப் போகலாம். வாழ்த்துக் காதையை மட்டும் விடாதீர்கள். கண்ணகி "தென்னவன் தீதிலன்", அதாவது பாண்டியன் குற்றமற்றவன், என்று சொல்வது அங்கேதான்.