மொளகாச் செடி கொழுந்து சுருளுது, பூவெல்லாம் கொட்டுது, யாராச்சும் வழி சொல்லுங்க

கோட்டையூர் மெத்தைத்தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு மெத்தையில, அதான் மொட்டை மாடியில, 14 க்ரோ பேக்ல மொளகா வச்சிருக்கேன், 8 நீளச் சம்பா, 6 உருண்டை முண்டு. முண்டு வெதை முதுகுளத்தூர்ல இருக்க சொந்தக்காரங்க குடுத்தது, 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே அந்த ராம்நாடு முண்டுதான், அதான் மனசு கேக்க மாட்டேங்குது. தை மாசம் நாத்து நட்டேன், மாசி பாதி வரைக்கும் ஜம்முனு நின்னுச்சு, இப்ப பங்குனி வெயில் ஆரம்பிச்சதும் கொழுந்து எல்லாம் சுருண்டு சின்னச் சின்னதா ஆயிருச்சு, பூ வைக்குது ஆனா பிஞ்சு பிடிக்காம கீழ கொட்டுது, பிடிச்ச ரெண்டு மூணு காயிலயும் தோல் சொரசொரன்னு பழுப்புத் தழும்பு. போன வாரம் வேப்பெண்ணெய் அடிச்சேன், சரியாகல, அடிச்ச மறுநாள் இலை ஓரமெல்லாம் கருகிப் போச்சு. அப்பத்தா கண்ணு பட்டிருச்சுன்னு ஒவ்வொரு பையிலயும் குச்சி நட்டு ஒரு எலுமிச்சம்பழம் குத்தி வச்சிருக்காங்க. நான் என்னதான் செய்யுறது?

தேவகோட்டை ரஸ்தா:
இது சுருட்டை வைரஸ்ங்க. மருந்தே கிடையாது. எல்லாத்தையும் பிடுங்கித் தூரப் போட்டுட்டு வேற வைங்க.

பள்ளத்தூர் கொத்தமல்லி:
தம்பி பாக்காமயே பிடுங்கச் சொல்லாதீங்க. தங்கச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, இலை மேல்பக்கமா படகு மாதிரி சுருளுதா இல்ல ஓரம் கீழ மடங்கிக் குடை கவுத்த மாதிரி இருக்கா? மேல சுருண்டா பெரும்பாலும் இலைப்பேன்ங்கிற குட்டிப் பூச்சி, கீழ மடங்கி இலைக்காம்பு நீளமா இழுத்துக்கிட்டா மஞ்சள் சிலந்தி. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. வைரஸ்னா வெள்ளை ஈ பரப்புறது, செடியே குட்டையாகி நரம்பு மஞ்சளாகி இலை கொத்துக் கொத்தா வரும், செடியை ஆட்டினா வெள்ளையா பறக்கும். நாளைக்குக் காலைல ஒரு வெள்ளைத் தாளை கொழுந்துக்குக் கீழ பிடிச்சுக்கிட்டு செடியை விரலால நாலு தட்டு தட்டுங்க, பூவையும் ஒண்ணு ரெண்டு பிச்சுத் தாள் மேல உதறுங்க. என்ன விழுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க, அது வரைக்கும் எதையும் அடிக்காதீங்க.

காரைக்குடி கழனிவாசல்:
இதுக்கெல்லாம் எதுக்குத் தாளு. பூச்சி மருந்துக்கடையில இமிடா, அதான் இமிடாகுளோப்ரிட், கேளுங்க, ஒரு லிட்டருக்கு சொட்டு விட்டு அடிச்சா மூணு நாள்ல எல்லாம் செத்துரும். எங்க வயல்ல அதான்.

பள்ளத்தூர் கொத்தமல்லி:
அண்ணே உங்க வயல் கதை வேற. இது வீட்டு மெத்தை, சட்டினிக்குப் பச்சைமொளகா வேணும்னா மேல ஏறிப் பறிச்சு நேரா அம்மிக்குப் போகுது. இமிடா செடிக்குள்ள ஊடுருவுற மருந்து, கழுவினாப் போகாது, பூவுக்கு வர்ற தேனீக்கும் ஆகாது. அதையே திருப்பித் திருப்பி அடிச்சா பூச்சிக்குப் பழகிப் போயிரும், அப்புறம் எதுக்கும் அடங்காது. ஆந்திராலயும் தெலங்கானாலயும் 2021ல கருப்பு இலைப்பேன் மொளகாக் காட்டையே மொட்டையடிச்சது ஞாபகம் இருக்கா, பூவுக்குள்ள கூட்டமா ஒக்காந்துக்கிட்டு, அப்ப மருந்தா அடிச்சுத் தள்ளியும் கேக்கல.

கோட்டையூர் மெத்தைத்தோட்டம்:
அண்ணே தாள் தட்டிப் பாத்தேன்! இலை மேல்பக்கமாத்தான் சுருண்டிருக்கு, படகு மாதிரின்னு சொன்னீங்களே அப்படியே. தாள்ல மொதல்ல தூசி மாதிரித்தான் இருந்துச்சு, கண்ணை இடுக்கிப் பாத்தா தூசி நடக்குது. எங்க ஐயா வைரத்தோடு பாக்குறதுக்கு வச்சிருந்த கண்ணுல வைக்கிற லென்சு பெட்டியில கிடந்துச்சு, அதை எடுத்துப் பாத்தேன், ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, வெளிர் மஞ்சளா வெள்ளரி விதையை நெடுக்க சீவின மாதிரி, இறக்கை இல்லாததும் இருக்கு, முதுகுல சின்ன இறகு மாதிரி மடிச்சு வச்சிருக்கதும் இருக்கு. ஒரு கொழுந்துக்கு இருபதுக்கு மேல எண்ணிட்டு விட்டுட்டேன், உடம்பெல்லாம் அரிக்கிற மாதிரி ஆயிருச்சு. இலை அடியில வெள்ளி பூசின மாதிரி கோடு கோடா இருக்கு, நடுநரம்பு பக்கத்துல பழுப்பு.

இன்னும் ஒண்ணு சொல்லிடுறேன், திட்டாதீங்க. நல்லா வளரட்டும்னு வாரா வாரம் ஒரு ஸ்பூன் யூரியா போட்டேன். பக்கத்து ரெண்டு தொட்டியில சின்ன வெங்காயம் இருக்கு. வேப்பெண்ணெய அடிச்சது பகல் 11 மணிக்கு, தண்ணியில ஊத்திக் குலுக்கி அடிச்சேன், சோப்பு எதுவும் போடல.

பள்ளத்தூர் கொத்தமல்லி:
திட்டல தாயி, இது இலைப்பேன்தான், ஆனா நீங்களே விருந்து வச்சுக் கூப்பிட்டிருக்கீங்க. யூரியா போட்டா கொழுந்து தளதளன்னு சாறு கட்டி வரும், சாறு உறிஞ்சுற பூச்சிக்கு அதைவிட என்ன வேணும். வெங்காயமும் இலைப்பேனுக்குப் பிடிச்ச பயிர்தான், அதனாலதான் மொளகாயும் வெங்காயமும் சேத்துப் போடாதீங்கன்னு வேளாண் பல்கலைக்கழகத்துல சொல்றாங்க. அந்த ரெண்டு தொட்டியையும் இன்னைக்கே பறிச்சு சாம்பாருக்குப் போட்டுருங்க. எலுமிச்சம்பழம் இருக்கட்டும், அது யாருக்கும் தொந்தரவு இல்ல.

வேப்பெண்ணெய் ஏன் பலிக்கலன்னா, எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது, டப்பாவுல எண்ணெய் மேல மிதந்துக்கிட்டு கடைசியில ஒரு செடிக்கு மொத்தமா போயிருக்கும், அது உச்சி வெயில்ல வறுத்த மாதிரி கருக்கிருச்சு. செய்ற முறை சொல்றேன். ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணியில காதி சோப்பைச் சீவி கரைச்சுக்கங்க, அதுல ஒரு லிட்டருக்கு 5 மில்லின்னு கணக்கு வச்சு எண்ணெய கொஞ்சம் கொஞ்சமா விட்டு மத்தால கடைங்க, மோர் மாதிரி வெள்ளையா வரணும், மேல எண்ணெய்க் கண்ணு ஒண்ணு கூட மிதக்கக் கூடாது, மிதந்தா சோப்பு பத்தல. அப்புறம் மீதித் தண்ணிய ஊத்துங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு மேல, இலைக்கு அடியில, கொழுந்துக்குள்ள, பூவுக்குள்ள படுற மாதிரி அடிக்கணும். மொத நாள் ஒரே ஒரு செடிக்கு அடிச்சுப் பாத்துட்டு இலை தாங்குதுன்னா மறுநாள் மத்ததுக்கு.

இதுல முக்கியமான விஷயம் இனிமேத்தான். இலைப்பேன் முட்டையை இலைக்கு மேல வைக்காது, இலையைக் கீறி சதைக்குள்ள சொருகி வைக்கும், அங்க எந்தத் தெளிப்பும் போகாது. பொரிச்சு வந்த குஞ்சு சாறு குடிக்கும், அது கொஞ்ச நாள் தின்னுட்டுக் கீழ எறங்கி மண்ணுலயும் உதிர்ந்த இலைக்கு அடியிலயும் கூட்டுப்புழுவா ஒண்ணும் திங்காம கிடக்கும், அப்புறம் இறக்கையோட மேல வரும். இந்த வெயில்ல மொத்தச் சுத்தும் ரெண்டு மூணு வாரம்தான். அதனால நீங்க ஒரு தடவை அடிச்சா செத்தது அன்னைக்கு வெளிய இருந்தது மட்டும், இலைக்குள்ள இருந்ததும் மண்ணுக்குள்ள இருந்ததும் நாலாம் நாள் வந்து உக்காந்துக்கும். எல்லாரும் இங்கதான் கோட்டை விடுறது, ஒரு வாட்டி அடிச்சுட்டு மருந்து சரியில்லன்னு மருந்தை மாத்துவாங்க. 5 நாளைக்கு ஒரு தடவை, விடாம 4 தடவை அடிங்க.

கூடவே, ரொம்பச் சுருண்ட நுனியக் கத்தரிச்சு சோப்புத் தண்ணி வாளியில முக்கிருங்க, உரக்குழியில போடாதீங்க. கொட்டின பூ இலை எல்லாம் தினம் பெருக்கி எடுத்துருங்க. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு தூவி மேல்மண்ணைக் கிளறி விடுங்க, மண்ணுல எறங்கினது அதோட அடங்கும். காலைல ஹோஸ்ல விரலை வச்சு அழுத்தி இலை அடியில தண்ணி பீச்சுங்க, வறண்ட இலையிலதான் இது பெருகும், மழை பேஞ்சா தானா கொறையுறதும் அதனாலதான். நீல நிற பிளாஸ்டிக் தட்டுல விளக்கெண்ணெய் தடவித் தொங்க விட்டா கொஞ்சம் ஒட்டும், அது கொறைக்கிறதுக்கு இல்ல, எண்ணிப் பாக்குறதுக்குன்னு வச்சுக்கங்க. மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும்தான் நல்லா இழுக்கும்.

மானகிரி மண்வாசம்:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு, ரெண்டு தடவை வேப்பெண்ணெய்க்கு அப்புறமும் தாள்ல கொறையலன்னா பிவேரியா இல்லேன்னா லெக்கானி வாங்கி லிட்டருக்கு 5 கிராம் சாயங்காலம் அடிங்க, பூச்சி மேல பூஞ்சாணம் முளைச்சுக் கொல்லும், மத்த பூஞ்சாண மருந்தோட கலக்காதீங்க. வாங்கும்போது தயாரிச்ச தேதி பாருங்க, அது உயிரு, வெயில்ல கிடந்த பாக்கெட்னா வெறும் மாவு. எங்க கொல்லையில மொளகாப் பாத்தியைச் சுத்தி அகத்தி நட்டோம், வேலியாவும் ஆச்சு, அமாவாசைக்குக் கீரையும் ஆச்சு.

காரைக்குடி கழனிவாசல்:
சரிப்பா நீங்க எல்லாம் இயற்கை. ஆனா காய் முக்காவாசி போன பிறகு வேப்பெண்ணெய நம்பி ஒக்காந்தா செடியும் போயிரும். கடைசி வழின்னு ஒண்ணு வேணும்ல?

பள்ளத்தூர் கொத்தமல்லி:
அது நியாயம்ணே. அப்படி வந்தா ஸ்பினோசாட் பக்கம் போகலாம், மண்ணுல இருக்க ஒரு பாக்டீரியால இருந்து எடுக்குறது, இலைப்பேனுக்கு நல்லாக் கேக்கும். அதுவும் ஈரமா இருக்கும்போது தேனீயக் கொல்லும், அதனால பொழுது சாஞ்ச பிறகுதான் அடிக்கணும், டப்பாவுல மொளகாய்க்குப் போட்டிருக்க அளவு என்னவோ அதுதான், அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கணும்னும் அதுலயே இருக்கும், அது வரைக்கும் காய்ல கை வைக்கக் கூடாது. சந்தேகம்னா ஒரு கொழுந்தைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டுக்கிட்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க, பக்கந்தானே.

புதுவயல் புளியமரம்:
இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கு இலை கீழ மடங்குது, தாள்ல எதுவுமே தெரியல. அப்ப எனக்கு சிலந்தியா?

மானகிரி மண்வாசம்:
ஆமா, அது கண்ணுக்கே தெரியாது, லென்சு வச்சு இலை அடியில பாருங்க. அதுக்கு நனையும் கந்தகம், அதான் தண்ணியில கலக்குற கந்தகத் தூள், பாக்கெட்ல போட்டிருக்க அளவுல, வெயில் தாழ்ந்த பிறகு. வேப்பெண்ணெய் அடிச்சு ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் அடிக்காதீங்க, இலை வெந்துரும். நம்ம ஊரு பங்குனி வெயில்ல கந்தகமே கொஞ்சம் பயந்து அடிக்க வேண்டிய சமாச்சாரம், ஒரு செடில பாத்துட்டு மத்ததுக்குப் போங்க.

கோட்டையூர் மெத்தைத்தோட்டம்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். 4 தடவை அடிச்சு முடிச்சாச்சு, ரெண்டாவது தடவை அடிச்ச பிறகும் தாள்ல பத்து பதினஞ்சு விழுந்துச்சு, அழுகையே வந்துருச்சு, அன்னைக்கு அண்ணன் இலைக்குள்ள முட்டைன்னு எழுதினதைத் திரும்பப் படிச்சுட்டு விடாம அடிச்சேன். நாலாவது முடிஞ்சு நேத்து தட்டிப் பாத்தா ஒரு கொழுந்துக்கு ரெண்டு, சிலதுல ஒண்ணுமே இல்ல. பழைய சுருட்டை அப்படியே இருக்கு, ஆனா புதுசா வர்ற இலை தட்டையா, பளபளன்னு வருது. யூரியா நிறுத்தியாச்சு. 14ல 3 செடி தேறல, அதுல இலை மஞ்சளா கொத்துக் கொத்தாத்தான் வந்துச்சு, பிடுங்கி எரிச்சுட்டேன், தேவகோட்டை அண்ணன் சொன்னது அந்த மூணுக்கு சரிதான். முண்டுல ஆறும் பிழைச்சுக்கிச்சு, இன்னைக்குக் காலைல ரெண்டு செடியில உருண்டையா பிஞ்சு பாத்தேன், மொளகு அளவுதான் இருக்கு. பழைய இலை திரும்ப விரியுமா? அந்த மூணு பைல உடனே மொளகா நாத்து வைக்கலாமா?

பள்ளத்தூர் கொத்தமல்லி:
விரியாது தாயி, சுருண்டது சுருண்டதுதான், ஆனா பச்சையா இருக்க வரைக்கும் செடிக்குச் சோறு போடும், விட்டுருங்க. இனி வாரத்துக்கு ஒரு தடவை தாள் தட்டிப் பாருங்க, அஞ்சாறு விழுந்தா மறுபடி ஆரம்பிங்க. அந்த மூணு பை மண்ணைச் சாக்கு விரிச்சு வெயில்ல கொட்டிக் காய விடுங்க, ரெண்டு வாரம் போகட்டும். மொளகா, தக்காளி, கத்தரி, வெங்காயம் எதுவும் வேணாம், ஏதாவது கீரை போடுங்க.

கோட்டையூர் மெத்தைத்தோட்டம்:
தண்டுக்கீரை வெதை அப்பத்தா முடிஞ்சு வச்சிருக்காங்க, அதையே போட்டுடுறேன்ணே. அகத்தி மட்டும் மெத்தையில முடியாது, கீழ கிணத்தடியில ஒண்ணு வைக்கச் சொல்லிருக்கேன்.